வேப்பங்கொட்டைக் கரைசலுடன் நான்கு ஆண்டுகள்: எங்கள் வளவுத் தோட்ட அனுபவம்

2021 மே மாதத்தில் இரசாயன உரங்களினதும் பீடைநாசினிகளினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, கிளிநொச்சிக் கடைகளில் மருந்துப் போத்தல்கள் அரிதாகிப்போன நாட்களில்தான், முற்றத்து வேம்பின் கீழ் உதிர்ந்து கிடந்த பழங்களைக் கூட்டி எறியாமல் முதன்முதலாகப் பொறுக்கி எடுத்தேன். அதே ஆண்டு நவம்பரில் தடை நீங்கியது. ஆயினும் அந்தப் பழக் கொட்டையில் செய்து பூச்சிகளுக்குத் தெளிக்கும் கரைசல் எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது.

பழத்தின் சதையைக் கழுவி நீக்கி, கொட்டையை நிழலில் நன்றாக உலர்த்த வேண்டும். ஈரம் காயுமுன் பொலித்தீன் பையில் கட்டி வைத்ததால் முதலாண்டுச் சேகரிப்பில் பாதியைப் பூஞ்சணத்துக்குக் கொடுத்தேன். இடித்த பருப்பை லீற்றருக்கு 50 கிராம் வீதம் இரவு முழுவதும் ஊறவைத்து, பழைய சீலையில் வடித்து, சிறிது சவர்க்காரம் சேர்க்கிறேன். அது இல்லாவிட்டால் கரைசல் இலையில் படியாமல் வழிந்துவிடும். வேம்பில் பூச்சிகளைத் தாக்கும் பொருளான அசாடிராக்டின் வெயிலில் விரைவாகச் சிதைவதால், மாலையில் மட்டுமே, அதுவும் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்கிறேன்.

பயற்றங்கொடியின் சாறுறிஞ்சும் அழுக்கணவனுக்கும் மிளகாயின் வெண் ஈக்கும் இது நன்றாகவே பயன்பட்டது. ஆனால் பூச்சி உடனே செத்து விழும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். பூச்சி உண்பதைக் குறைத்து, தோலுரிக்க முடியாமற் போய், மெல்லத்தான் தொகை குறையும். நானும் முதல் வாரத்தில் ஏமாந்தவன்தான்.

கத்தரியில் கதை வேறு. தண்டும் காயும் துளைக்கும் புழு, முட்டையிலிருந்து வெளிவந்து சிறிது நேரத்திலேயே குருத்துக்குள் புகுந்து, தன் கழிவினாலேயே துளையை அடைத்துக்கொள்கிறது. இதை அறியாமல் ஒரு மாரி முழுவதும் வாரந்தவறாது தெளித்தும், நறுக்கிய காய்களில் பாதிக்கு மேல் புழுவோடு இருந்தன. அதைப் பார்த்த பக்கத்து வளவு அம்மம்மா, "தம்பி, உள்ளுக்கை போன புழுவுக்கு வெளியாலை அடிச்சு என்ன பலன்?" என்று கேட்டுவிட்டு, வாடித் தொங்கிய குருத்துகளைத் தானே கிள்ளத் தொடங்கினார். அன்றுமுதல் இரண்டு நாளுக்கொருமுறை வாடிய குருத்தையும் துளைபட்ட காயையும் வெட்டி எரிக்கிறேன். வளர்ந்த புழு செடியடிச் சருகில் கூட்டுப்புழுவாவதால் சருகையும் விட்டுவைப்பதில்லை. சேதம் கண்கூடாகக் குறைந்தது, முற்றாக ஒழியவில்லை.

பாகலின் பழ ஈயையும் கரைசல் தடுக்கவில்லை. பிஞ்சுகளுக்குப் பழைய கொப்பித் தாளில் உறை செய்து கட்டுகிறேன். மாரி மழையில் தாள் கிழிவதால் அடிக்கடி மாற்ற வேண்டியுள்ளது.

சேமிப்புத்தான் இன்னும் தீராத சிக்கல். ஆடி, ஆவணியில் பொறுக்கிய கொட்டை தை மாதத்துக்குள் தீர்ந்துவிடுகிறது, பழையதின் வீரியமும் குறைகிறது. எனவே இவ்வாண்டு ஒழுங்கையோரத்து வேம்புகளிலும் பொறுக்கச் சிறுவர்களைக் கூட்டிச் செல்கிறேன்.