சில்லரா, ஐஸா, காத்தாடியா: ரங்கூன் வெயில்ல மீன் தொட்டி

போன ஏப்ரல்ல தண்ணித் திருவிழா அன்னிக்கு, தெருவுல போறவன் வர்றவன் தலையிலெல்லாம் வாளி வாளியா ஊத்தி ஊரே குளுந்துபோய் நிக்குது, எங்க வீட்டு மீன் தொட்டி மட்டும் 33 டிகிரி காட்டுது. ரங்கூன்ல தாம்வே பக்கம், கடைசி மாடி, தலைக்கு மேல தகரம். வேற எப்படி இருக்கும்.

உள்ள இருந்தது சூடு தாங்குற கப்பி மீனா இருந்தா இவ்ளோ அலட்டிக்கிட்டிருக்க மாட்டேன். கேலக்ஸி ரஸ்போரான்னு விப்பாங்களே, நம்ம பர்மாவுல ஷான் மலை நாட்டு மீன், 2006ல ஹோபோங் பக்கம் கண்டுபிடிச்சது, ஆயிரம் மீட்டருக்கு மேல உசரத்துல செடி மண்டிக் கெடக்குற சின்னச் சின்னக் குட்டையில வாழுறது. 22லேருந்து 25 டிகிரிதான் அதுக்குச் சுகம். மலையில பொறந்தத கொண்டாந்து தகரத்துக்குக் கீழ வச்சது என் தப்புதான், ஒத்துக்கிறேன். சூடு ஏறுனா இன்னொரு கஷ்டமும் இருக்கு. 25 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி 8 மில்லிகிராம் சொச்சம் ஆக்ஸிஜன் பிடிச்சு வைக்கும், 33ல 7 சொச்சந்தான், அதே நேரம் மீன் மூச்சு வாங்குறதும் கூடிப்போகும். மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னா இதுதான்.

ஏசி ரூம்ல தொட்டிய வைக்க முடிஞ்சவங்க வச்சுக்கோங்க, அதுல பேச ஒன்னுமில்ல. பகல்ல லைட்ட அணைச்சு வைக்கிறது, ஜன்னலுக்குத் திரை போடுறது, இதெல்லாம் எல்லாரும் செய்யிறதுதான். மிச்சம் மூணு வழி: ஐஸ், சில்லர்ங்கற தண்ணிய குளுத்துற மெஷின், அப்புறம் காத்தாடி, அதாவது ஃபேன்.

மொதல்ல ஐஸ் போட்டேன். ரெண்டு லிட்டர் பாட்டில்ல தண்ணி ஊத்தி உறைய வச்சு, ரெண்டு பாட்டில அப்படியே மிதக்க விட்டேன். என் தொட்டி மூணடி நீளம், 100 லிட்டர் சொச்சம். ரெண்டு மணி நேரத்துல நாலு டிகிரி கிட்ட இறங்கிருச்சு, ஆகா வேலை முடிஞ்சுதுன்னு சந்தோஷப்பட்டேன், சாயங்காலம் பாத்தா பழையபடி ஏறிக்கிட்டு இருக்கு. ஏறி இறங்கி ஏறி இறங்கி மூணாம் நாள் ரெண்டு மீன் போச்சு. ஒரே சூட்டுல இருந்திருந்தா பொழச்சிருக்குமோ என்னவோ. அதோட கரண்ட் போனா ஃப்ரிட்ஜும் படுத்துரும், அப்புறம் ஐசுக்கு எங்க போறது.

சில்லர் நான் வாங்கல. தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர் வீட்டுல ஒரு மாசம் போல பாத்தேன், அதனால நான் சொல்றத அந்த அளவுக்கு எடுத்துக்கோங்க. 26ன்னு வச்சா 26லதான் நிக்கும், அதுல குறை சொல்ல முடியாது. ஆனா தொட்டியில உறிஞ்சுன சூட்டையெல்லாம் பின்னாடி வழியா அதே ரூமுக்குள்ளதான் ஊதுது, சின்ன ரூம்னா மனுசனுக்குப் புழுக்கம், சில்லருக்கும் வேலை கூடுது. வெலையப் பத்தி சொல்லவே வேணாம்.

வெலை கூடப் பரவால்ல. எனக்கு முடிவு சொன்னது கரண்டுதான். ரங்கூன்ல இருக்கறவங்களுக்கு இத விளக்க வேண்டியதில்ல, எப்ப வரும் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது, வந்த ஒடனே தெருவே "மீ லா பி", கரண்ட் வந்துருச்சுன்னு கத்தும். சரியா உச்சி வெயில்லதான் போகும், தொட்டி சூடேறுறதும் அப்பதான். அந்த நேரத்துல எது ஓடும், எது ஓடாதுங்கறதுதான் கேள்வியே. சில்லர்ல இருக்கறது கம்ப்ரஸர், அத ஓட்டணும்னா பெரிய இன்வெர்ட்டர் வேணும், இல்ல ஜெனரேட்டர் வேணும். கரண்ட் வந்தாலும் வோல்டேஜ் நொண்டுச்சுன்னா ஸ்டெபிலைசர் வேற.

காத்தாடி அப்படியில்ல. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கும்ல 12 வோல்ட் குட்டி ஃபேன், அதுல ரெண்டு வாங்கி, மூடிய எடுத்துட்டு தண்ணி மேல சாய்வா ஊதுற மாதிரி மாட்டுனேன். மீன் குதிச்சிராம இருக்க ஒரு துண்டு கொசுவலை. ரெண்டும் சேந்து 5 வாட் கிட்டத்தான். பழைய யூபிஎஸ்ல இருக்குற 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்னு, பாதி சார்ஜ் வரைக்கும் மட்டும் எடுத்தாலும் எட்டு மணி நேரம் ஓடுது. கரண்ட் வந்ததும் தானா ஏறிக்கும்.

இந்தக் குட்டி ஃபேன் என்னத்தக் கிழிக்கும்னு நானும் நெனச்சேன். ஆனா குளுத்துறது ஃபேன் இல்ல, ஆவியாப் போற தண்ணி. ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகிப் போறப்ப எடுத்துட்டுப் போற சூடு, மூணு வீசை (இங்க ஒரு வீசை 1.6 கிலோ சொச்சம்) ஐஸ் உருகி தொட்டித் தண்ணி சூட்டுக்கு வர்றதுக்கு எடுக்குற சூட்டுக்குக் கிட்டத்தட்ட சமம். என் தொட்டியில ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் போகுது. ஆறு வீசை ஐஸ், அதுவும் தொபுக்குன்னு போடாம நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா. 33 இருந்தது 29ல வந்து நின்னுச்சு, ராத்திரியில 28. 25க்கு வரல, பொய் சொல்ல மாட்டேன், ஆனா மீன் ஒன்னும் சாகல.

தொந்தரவு ஒன்னு இருக்கு, தண்ணி ஊத்திக்கிட்டே இருக்கணும். ஆவியாகுறது வெறும் தண்ணிதான், அதுல இருக்குற உப்பெல்லாம் உள்ளயே தங்கிரும், அதுமேல திரும்பத் திரும்ப குழாத் தண்ணிய ஊத்துனா நாளாக நாளாக தண்ணியோட கடினத்தன்மை ஏறிக்கிட்டே போகும், கண்ணாடியில வெள்ளைக் கோடு விழும். அதனால கொறையிறதுக்கு 20 லிட்டர் குடிதண்ணி பாட்டில்லேருந்து ஊத்துறேன், வாரத்துக்கு முக்கா பாட்டில் ஆகுது. "நமக்கு குழாத் தண்ணி, ஒங்க மீனுக்கு பாட்டில் தண்ணியா"ன்னு வீட்டுக்காரி கேக்குறா, பதில் இல்ல. வாராவாரம் தண்ணி மாத்துறப்ப மட்டும் குழாத் தண்ணி.

மழை பிடிச்சிட்டா ஃபேனுக்கு அவ்வளவா வேலையில்ல. காத்துல ஈரம் நெறைய இருந்தா தண்ணி சரியா ஆவியாகாது, ஜூன்ல போட்டுப் பாத்தேன், ஒரு டிகிரி கூட முழுசா இறங்கல. ஆனா அப்ப ஊரே குளுந்திருக்கும், அதனால பெருசாத் தெரியல. மாண்டலே பக்கம் கோடையில காத்து இன்னும் வறண்டு கெடக்கும், அங்க இதவிட நல்லா இறங்கணும், ஆனா நான் வச்சுப் பாத்ததில்ல.

24க்குக் கீழ இருந்தே ஆகணும்னு மீனோ இறாலோ வளக்கறவங்களுக்கு இந்தக் காத்தாடி பத்தாது. அவங்க சில்லர்தான் வாங்கணும், கூடவே அத இழுக்குற அளவுக்கு இன்வெர்ட்டரும்.