கம்பைலர் எக்ஸ்புளோரர்: மில் கணக்கில் ஒளிந்திருந்த பிழையைக் காட்டிக் கொடுத்த கருவி

மேட் காட்போல்ட் 2012-ல் தொடங்கிய இணையக் கருவி இது. பணம் கட்ட வேண்டாம். இடது பக்கம் சி நிரலை ஒட்டினால், கம்பைலர் அதை மாற்றித் தரும் பிராசசர் கட்டளைகள், அதாவது அசெம்பிளி, வலது பக்கம் வந்து நிற்கும். தசமக் கணக்கோடு மல்லுக்கட்டுகிற எல்லோரும் இதைப் பழகிக்கொள்ள வேண்டும்.

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில் லேபுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஒரு லீ, அதாவது 120 கெஜம் நூலை எடை போட்டு, 64.8-ஐ அந்த கிராமால் வகுத்தால் கவுண்ட், அதாவது நூல் எவ்வளவு மெல்லியது என்பதன் அளவு. கவுண்டுகளின் ஏற்ற இறக்கம் சிவி சதவீதம். கோவையில் என் லேப்டாப்பில் எல்லாம் சரியாக இருந்தது. மில்லில் இருக்கும் 64-பிட் ஆர்ம் பிராசசர் போர்டிலோ, இரண்டு லீயும் ஒரே எடை வந்தால், பூஜ்ஜியம் காட்ட வேண்டிய இடத்தில் சில சமயம் 'நேன்' (எண்ணே இல்லை) என்று வந்தது. ஆப்டிமைசேஷன் இல்லாத டீபக் பில்டில் ஓட்டினால் பிழை மறைந்துவிடும். "ரிப்போர்ட்ட பார்ட்டிக்கு எப்படீங்க அனுப்பறது?" என்று லேப்காரர் கேட்டார். நியாயமான கேள்வி.

சிவி ஃபங்ஷனை மட்டும் எடுத்து ஒட்டி, லேப்டாப்புக்கான எக்ஸ்86 ஜிசிசி கம்பைலரையும் மில் போர்டுக்கான ஆர்ம்64 ஜிசிசியையும் ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்தேன். நிரலின் எந்த வரி எந்தக் கட்டளையானது என்று நிறம் போட்டுக் காட்டுவதால் தேடவே வேண்டியதில்லை. பிழை இருந்தது, வர்க்கங்களின் சராசரியிலிருந்து சராசரியின் வர்க்கத்தைக் கழிக்கும் வரியில். எக்ஸ்86-ல் பெருக்கல் தனி, கழித்தல் தனி. ஆர்மில் இரண்டும் சேர்ந்து 'எஃப்எம்சப்' என்ற ஒரே கட்டளை. அது பெருக்கியதை ரவுண்ட் செய்யாமலே கழித்து, கடைசியில் ஒரே முறை ரவுண்ட் செய்கிறது. வர்க்கங்களின் சராசரியோ முன்பே ரவுண்ட் ஆனது. அந்தத் துளி வித்தியாசம் மைனஸில் விழுந்தால், அடுத்து எடுக்கும் வர்க்கமூலம் 'நேன்'தான்.

இந்தச் சேர்க்கையைத் தடுக்கும் எஃப்எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் என்ற ஆப்ஷனை கம்பைலருக்குக் கொடுத்ததும் கட்டளை கண் முன்னாலேயே இரண்டாகப் பிரிந்தது. ஆப்டிமைசேஷனையே அணைத்துவிடு என்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும். சூத்திரத்தையும் மாற்றினோம்: முதலில் சராசரி, அப்புறம் வித்தியாசங்களின் வர்க்கம். அது மைனஸ் ஆகவே ஆகாது.

கிளாங் என்ற இன்னொரு கம்பைலரின் 13, 14 பதிப்புகள் இரண்டையும் இதே போல வைத்துப் பாருங்கள். 2022-ல் வந்த 14-ல்தான் இந்தச் சேர்க்கை இயல்பாகவே நடக்கத் தொடங்கியது.

குறைகளும் உண்டு. செல்போனில் திறந்தால் இடம் போதாது. அசெம்பிளி கொஞ்சமாவது தெரிய வேண்டும். கட்டளை மேல் மவுஸை வைத்தால் விளக்கம் வரும் என்பது ஆறுதல். ஒட்டும் நிரல் வெளி சர்வருக்குப் போகிறது, அதனால் வாடிக்கையாளரின் நிரலை அப்படியே போடாதீர்கள். திறமூலம் என்பதால் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே நிறுவிக்கொள்ளலாம்.