பழைய புரொப்பேன் டேங்கில் செய்த ஸ்மோக்கர்: வாங்கலாமா?

டெக்சாஸ் பார்பிக்யூ கடைகளின் பின்பக்கம் நீளமாகக் கறுத்துக் கிடக்கும் ஸ்மோக்கர்களில் (விறகுப் புகையில் கறியை மெல்ல வேகவைக்கும் அடுப்புகள்) பல, ஒரு காலத்தில் புரொப்பேன் எரிவாயு டேங்காக இருந்தவை. ஆஸ்டினில் க்யூவுக்கே பேர்போன ஃபிராங்க்ளின் பார்பிக்யூவிலும் 1000 காலன் டேங்க்தான். வீட்டுக்கு அவ்வளவு பெரிசு எதற்கு என்று, ஊருக்கு வெளியே ஒரு சின்ன வெல்டிங் பட்டறையில் 250 காலன் டேங்கில் செய்து வாங்கினேன். 30 அங்குல விட்டம், நீளம் எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு. வெறும் டேங்கே 200 கிலோவுக்கு மேல் வரும், அதனால் டிரெய்லரோடு சேர்த்தே கேளுங்கள்.

பட்டறைக்காரர் கெட்டிக்காரர்தான், கதவைப் பார்த்தாலே தெரியும். வளைந்த தகட்டை வெட்டி எடுத்தால் உள்ளே இருக்கும் இறுக்கம் விட்டு லேசாக விரிந்துவிடும், அப்புறம் எடுத்த துண்டு எடுத்த இடத்திலேயே உட்காராது. இவர் கீல் வரும் பக்கத்தை மட்டும் முதலில் வெட்டி, கீலை வெல்ட் வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மற்ற மூன்று பக்கமும் வெட்டினார். மூடினால் கச்சிதமாகப் பொருந்துகிறது.

வெட்டுவதற்கு முன் வால்வைக் கழற்றி, டேங்க் வழிய வழியத் தண்ணீர் நிரப்பியிருந்தார். புரொப்பேன் காற்றைவிடக் கனம், காலி என்று நினைக்கும் டேங்கின் அடியில் தங்கியிருக்கும். கட்டரின் ஒரு பொறி போதும். (ஊரில் படிப்பவர்களுக்கு: நம் வீட்டுச் சமையல் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, அதில் கை வைக்காதீர்கள்.) கசிந்தால் தெரியட்டும் என்று வாயுவில் கலக்கும் மெர்காப்டனின் வாடை உள்ளே துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. விறகை அடுக்கி நன்றாக எரியவிட்ட பிறகுதான் போனது. அதுவரை கறி வைக்காதீர்கள்.

ஃபயர்பாக்ஸ், அதாவது விறகு எரியும் பெட்டி, கால் அங்குலத் தகடு. புகைபோக்கி எதிர்முனையில், கறி வைக்கும் வலை மட்டத்திலேயே கிளம்புகிறது. மேலே வைத்திருந்தால் சூடும் புகையும் கறியைத் தொடாமல் கூரையோடு ஓடிவிடும். சூடேற ஒரு மணி நேரம் பிடிக்கும், ஏறிவிட்டால் காற்றடித்தாலும் சட்டென்று இறங்காது. பெரிய கடைகளில் விற்கும் மெல்லிய தகட்டுப் பெட்டியோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். போஸ்ட் ஓக் கட்டை போட்டு 250 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக்கறி) வைத்தேன். 160-ஐ ஒட்டிக் கறியின் சூடு அடம்பிடித்து நின்றது. அது ஸ்மோக்கரின் குற்றமில்லை, ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விக்கிற வேலை. 203 தொட்டு எடுத்து, ஆறவிட்டு வெட்டினால் கத்திக்கு வேலையே இல்லை, மேலே கரகரவென்று கறுப்புத் தோல், அதற்கடியில் சிவப்பு வளையம்.

இனி குறை. தெர்மாமீட்டரைக் கதவின் உச்சியில் பொருத்திவிட்டார். அங்கே காட்டும் சூடு வலை மட்டத்தில் இல்லை, நம்பினால் கறி வேகாது. ஃபயர்பாக்ஸில் அடித்த பெயிண்ட் முதல் நெருப்பிலேயே பொருக்குப் பொருக்காக உரிந்தது. அதற்குப் பெயிண்டே வேண்டாம், ஆளி எண்ணெய் தடவிச் சூடாக்கினால் போதும். அப்புறம் அந்த "அடுத்த வாரம் தந்துடறேன்". எத்தனை அடுத்த வாரம்!

விலை, பேர்பெற்ற பட்டறைகள் கேட்பதில் பாதிகூட இல்லை. வார இறுதியில் நாலு கோழிக்கால் சுடுபவர்களுக்கு இது வேண்டாம், விறகுதான் வீண். கூட்டமாகச் சாப்பிடும் வீடென்றால் தாராளமாகச் செய்யக் கொடுங்கள், தெர்மாமீட்டர் ஓட்டை வலை மட்டத்தில்தான் வேண்டும் என்று முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொண்டு.