கார்புரேட்டர்: கழுவுவதா, மாற்றுவதா?

கேரள எல்லையோர நீரோடி, தேங்காப்பட்டணம் கரைகளில் மண்ணெண்ணெயில் ஓடும் பழைய டூ-ஸ்ட்ரோக் வெளிப்பொருத்து படகு என்ஜின் திணறினால், எண்ணெயையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவுவதா, புதிதாக மாற்றுவதா என்ற கேள்வி எழுகிறது. வேகத்தைக் குறைத்தவுடன் அணைந்துபோவதும், காற்றைக் குறைக்கும் சோக்கை இழுத்தால் மட்டும் சீராவதும் பெரும்பாலும் ஜெட், அதாவது எண்ணெயை அளந்துவிடும் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டு, அடைபட்டதன் அடையாளங்கள். நாட்கணக்கில் தேங்கிய எண்ணெய் பிசினாக உறைந்து அந்த நுண்துளையை அடைத்துவிடுகிறது. ஜெட்டைக் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துளை முழு வட்டமாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பியால் குத்தினால் பித்தளைத் துளை அகன்று, கலவையின் அளவே கெட்டுவிடும். கசிவைத் தடுக்கும் கேஸ்கட்டையும், எண்ணெய் வரத்தைத் திறந்து மூடும் மிதவை ஊசியையும் மட்டும் புதிதாகப் போட்டால் செலவு குறைவு.

புதிய கார்புரேட்டருக்கு விலை கூடுதல். ஆனால் உப்புக்காற்றில் அலுமினிய உடல் அரித்திருந்தாலோ, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் தண்டு தேய்ந்து அந்த இடைவெளி வழியே காற்று புகுந்தாலோ, எத்தனை முறை கழுவினாலும் பயனில்லை. மலிவான போலி உதிரிகளில் ஜெட் அளவு பொருந்தாமல் போகலாம் என்பதால், தண்டு ஆடாதவரை பழையதைக் கழுவவே நான் சொல்வேன். எதைச் செய்வதற்கு முன்பும் தீப்பொறி தரும் பிளக்கையும், சிலிண்டருக்குள் உள்ள அழுத்தமான கம்ப்ரஷனையும் சோதித்துவிட வேண்டும். அந்த அழுத்தத்தைக் காக்கும் பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் இரண்டு செலவும் வீண்.