மாதிரி ரயிலின் பாயிண்டுக்கு (பாதை இரண்டாகப் பிரியும் இடம்) வுட்லேண்ட் சீனிக்ஸ் ஜல்லி சரிவருமா?

எச்ஓ அளவு (நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு) மாதிரி ரயில் பாதைக்கு வுட்லேண்ட் சீனிக்ஸ் நிறுவனத்தின் ஃபைன் (பொடித் துகள்) ரக ஜல்லி நன்றாகவே பொருந்துகிறது. அரைத்த வால்நட் ஓடு என்பதால் இரும்புத்துகள் கலப்பில்லை. எஞ்சின் மோட்டார் காந்தத்தில் ஒட்டாது. ஆனால் எடை குறைவு. பசை நீர் வேகமாக விழுந்தால் மிதந்து நகர்ந்துவிடும்.

நேர்ப்பாதையில் அது சின்னத் தொல்லை. பாயிண்டிலோ, நகரும் தண்டவாள நாக்குக்கும் பக்கத் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரே ஒரு துகள் சிக்கினாலும் நாக்கு முழுதாக மூடாது, பெட்டி தடம்புரளும். அதனால் நாக்குகளை இழுக்கும் குறுக்குப் பட்டையின் அடியில் ஜல்லியே வேண்டாம். பாயிண்டைப் பதிக்கும் முன் அந்த இடத்துக்கு ஜல்லி நிறத்தில் பெயிண்ட் அடித்தால் போதும், ஜல்லி இல்லாதது கண்ணுக்குத் தெரியாது.

மற்ற இடங்களில் மெல்லிய தூரிகையால் ஸ்லீப்பர் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை மட்டும் நிரப்புங்கள். முதலில் 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டி நனைக்க வேண்டும். பிறகு ஒரு பங்கு வெள்ளைப் பசைக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, சொட்டுக்குழாயால் வெளியோரத்திலிருந்து விடுங்கள், தானாக உள்ளே ஊறும். காயும் வரை நாக்குகளை அவ்வப்போது இருபுறமும் நகர்த்துவது அவசியம்.

நேர்ப்பாதைக்குத் தயங்காமல் வாங்கலாம். பாயிண்டுகள் நிறைந்த யார்டுக்கு (பெட்டிகளை நிறுத்தி, பிரித்துச் சேர்க்கும் இடம்), கனமான நிஜக்கல் ஜல்லியையே பரிந்துரைப்பேன். அதுவும் இரும்புத்துகள் இருக்கிறதா என்று காந்தத்தை ஓட்டிச் சோதித்த பிறகு.