ஆரக்கிள் பார்க்கில் ஆட்டம்: காரா, ரயிலா, படகா?

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். சான்பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் ஆட்டத்துக்கு மேல்தட்டில் மலிவான சீட்டு எடுத்துவிட்டு, மைதானத்து வாசலருகே காரை நிறுத்தப் பார்த்தால் இந்தப் பழமொழி அப்படியே பலிக்கும். பல வாரநாள் ஆட்டங்களில் சீட்டைவிடப் பார்க்கிங்குக்குத்தான் காசு கூட.

காரணம் இடநெருக்கடி. 2000-ல் திறந்த இந்த ஆரக்கிள் பார்க் மைதானம் நகரின் உள்ளேயே, கிங் தெருவும் மூன்றாம் தெருவும் சந்திக்கும் முனையில், தண்ணீரை ஒட்டி நிற்கிறது. ஏறத்தாழ 41,000 பேர் உட்காரலாம். மூன்றாம் தெருப் பாலத்துக்குத் தெற்கே முன்பு ஒரு பெரிய திறந்தவெளிப் பார்க்கிங் இருந்தது. அங்கே இப்போது மிஷன் ராக் கட்டடங்கள் எழும்பிவிட்டன. பழைய நினைப்பில் அந்தப் பக்கம் காரைத் திருப்புகிறவர்கள் இன்றும் உண்டு.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதானாலும் திரும்பி வருவதை முதலில் யோசியுங்கள். ஆட்டத்துக்கு ஜனங்கள் இரண்டு மணி நேரமாகச் சிறுகச் சிறுக வந்து சேர்கிறார்கள். முடிந்ததும் இருபது நிமிடத்தில் மொத்தமாக வெளியே கொட்டுகிறார்கள். போகும்போது எல்லா வழியும் நன்றாகத்தான் இருக்கும். வித்தியாசம் தெரிவது இரவு ஒன்பதரை மணிக்கு.

தீபகற்பத்திலிருந்து வருபவர்களுக்குக் கால்ட்ரெயின்

சன்னிவேல், மவுன்டன் வியூ, பாலோ ஆல்ட்டோ பக்கம் இருந்தால் இந்த ரயிலுக்கு ஈடு கிடையாது. நான்காம் தெரு - கிங் தெரு நிலையத்தில் இறங்கினால் மைதானம் பத்து நிமிட நடைக்குள். 2024 செப்டம்பரில் முழுக்க மின்சார வண்டிகள் வந்த பிறகு வேகமும் கூடியிருக்கிறது, வார இறுதியிலும் அரை மணிக்கு ஒரு வண்டி ஓடுகிறது.

கட்டணம் மண்டலக் கணக்கு. எத்தனை மண்டலம் கடக்கிறீர்கள் என்பதுதான் விலை. சன்னிவேல் மூன்றாம் மண்டலத்தின் கடைசி நிலையம். அடுத்த லாரன்ஸ், சான்டா கிளாரா இரண்டும் நான்காம் மண்டலம். லாரன்ஸுக்கும் சன்னிவேலுக்கும் நடுவே வீடு இருப்பவர்கள் காரைச் சன்னிவேலில் விட்டு ஏறினால் ஆளுக்கு ஒரு மண்டலக் காசு மிச்சம். 18 வயது வரை பிள்ளைகளுக்கு எவ்வளவு தூரமானாலும் ஒரு வழிக்கு 1 டாலர்தான். குடும்பமாகப் போகிறவர்களுக்குக் கணக்கையே புரட்டிப் போடுவது இந்த ஒரு டாலர்தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். சன்னிவேலிலிருந்து இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள். பெரியவருக்கு ஒரு வழி ஏறத்தாழ 8 டாலர். போக வர 32, பிள்ளைகளுக்கு 4, ஆக 36. நிலையத்து பார்க்கிங்கையும் சேர்த்தால் நாற்பதை ஒட்டி வரும். காரில் போனால் போக வர 80 மைல், பெட்ரோல் மட்டும் ஏறக்குறைய மூன்று கேலன். அதன் மேல் பார்க்கிங் 40 டாலர் என்று வைத்தாலும் ரயிலே ஜெயிக்கிறது. நான்கு பேரும் பெரியவர்கள் என்றால் ரயில் 64 ஆகிவிடும், காருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்போது நடுவழி ஒன்று உண்டு: சான் புரூனோ வரை காரில் போய் அங்கிருந்து ஏறுங்கள். அது முதல் மண்டலம். மூன்று மண்டலக் கட்டணத்தில் பாதிக்கும் குறைவாகவே ஆகும். ஒரே குறை, எக்ஸ்பிரஸ் வண்டிகள் அங்கே நிற்காது. லோக்கல் வண்டி நேரத்தைப் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும்.

தவறு நடக்கும் இடம் கிளிப்பர் அட்டை, அதாவது இந்த வட்டார ரயில், பேருந்துகளுக்கான பொதுக் கட்டண அட்டை. கால்ட்ரெயினில் தடுப்பு வாயில் கிடையாது. பிளாட்பாரத்தில் கம்பத்தில் ஒரு கருவி நிற்கும், ஏறுமுன் அதில் அட்டையைத் தொட வேண்டும், இறங்கியபின் மறுபடி தொட வேண்டும். ஏறும்போது தொட்டதும் அந்தத் தடத்தின் அதிகபட்சத் தொகையைக் கழித்துக்கொள்ளும், இறங்கித் தொட்டால் மிச்சத்தைத் திருப்பும். இரவில் தூக்கக் கலக்கத்தில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சன்னிவேலில் இறங்கி, தொடாமல் கார் பக்கம் நடந்துவிட்டால், நீங்கள் தடத்தின் தென்கோடியான கில்ராய் வரை போனதாகக் கணக்கு. மறப்போம் என்று தோன்றினால் காலையிலேயே இயந்திரத்தில் டே பாஸ் எடுத்துவிடுங்கள். அது இரண்டு ஒருவழிச் சீட்டின் விலைதான். வண்டிக்குள் சீட்டு விற்க மாட்டார்கள். சீட்டில்லாமல் பரிசோதகரிடம் மாட்டினால் அபராதம்.

இரவு நேரம் ஏற ஏற வண்டிகளின் இடைவெளி கூடும். கடைசி வண்டி நள்ளிரவை ஒட்டி. வாரநாள் இரவு ஆட்டம் பெரும்பாலும் 6:45-க்குத் தொடங்குகிறது. 2023-ல் பந்து வீச்சுக்குக் கடிகாரம் வந்த பிறகு ஓர் ஆட்டம் சராசரியாக இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. வழக்கமான ஒன்பது இன்னிங்ஸில் முடிவு வராமல் பத்தாவதுக்குப் போனாலும் இரண்டாம் பேஸில் ஓட்டக்காரரை நிறுத்தியே தொடங்குவதால் இழுபறி அதிகம் இல்லை. ஆகவே கடைசி வண்டியைத் தவறவிடும் பயம் முன்போல் இல்லை. பயப்பட வேண்டியது கண்ணெதிரே ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பதற்குத்தான். புறப்பாட்டு நேரத்தைச் செல்பேசியில் படமாக எடுத்து வைத்துக்கொண்டு, எட்டாவது இன்னிங்ஸில் ஒருமுறை பார்த்து முடிவு செய்யுங்கள்.

கிழக்குக் கரைக்காரர்களுக்கு பார்ட்

ஃப்ரீமான்ட், டப்ளின், வால்நட் கிரீக் பக்கத்தவர்களுக்கு பார்ட் ரயில். இதில் பெரிய லாபம் நிலையத்துப் பார்க்கிங். வாரநாளில் கட்டணம் பிற்பகல் 3 மணி வரைதான் வசூலிக்கப்படும். அதற்குப் பின் வந்து நிறுத்தினால் இலவசம். சனி, ஞாயிறிலும் பெரும்பாலான நிலையங்களில் காசில்லை. இரவு ஆட்டத்துக்குப் போகிறவர்கள் மூன்று மணி தாண்டி வீட்டை விட்டுக் கிளம்பினால் பார்க்கிங் செலவு பூஜ்யம். மில்பிடாஸ், பெரியெஸ்ஸா நிலையங்களின் பார்க்கிங் மட்டும் சான்டா கிளாரா மாவட்டப் போக்குவரத்து அமைப்பான விடிஏ நிர்வாகத்தில் இருக்கிறது. அங்கே உள்ள பலகை சொல்வதுதான் விதி.

கூடவே பே பாலத்தின் டோலும் மிச்சம். 2025-ல் 8 டாலராக இருந்தது, 2026-ல் 8.50 ஆகிவிட்டது. அது நகரத்துக்குள் போகும் திசையில் மட்டும்.

பார்ட் மைதானம் வரை போகாது. எம்பார்கடெரோ நிலையத்தில் இறங்கினால் இரண்டு வழி: அதே நிலையத்தின் மேல்தளத்தில் நகரப் போக்குவரத்து அமைப்பான முனியின் என்-ஜூடா தட வண்டி ஏறி இரண்டாம் தெரு - கிங் நிறுத்தத்தில் இறங்கலாம், அல்லது நடக்கலாம். முனியின் இன்னொரு தடமான டி-தேர்ட் வண்டி 2023 ஜனவரியிலிருந்து எம்பார்கடெரோ பக்கம் வருவதில்லை. அது சைனாடவுனிலிருந்து யூனியன் ஸ்கொயர் வழியாக நான்காம் தெருவுக்கடியில் ஓடுகிறது. பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு எம்பார்கடெரோவில் டி வண்டிக்குக் காத்திருக்காதீர்கள்.

ஆட்டம் முடிந்தபின் இரண்டாம் தெரு நிறுத்தத்தைப் பார்த்தால் தெரியும். தெருவின் நடுவே ஒடுங்கிய ஒரு மேடை, அதன் சரிவுப் பாதையில் ஜயன்ட்ஸ் நிறங்களான ஆரஞ்சும் கறுப்புமாக வரிசை, வரும் வண்டி ஏற்கெனவே நிரம்பி வருகிறது. இதற்கு இரண்டு மாற்று. ஒன்று, எதிர்ப்பக்கம் நடந்து நான்காம் தெரு முனைக்குப் போங்கள். என்-ஜூடா வண்டி அங்கேதான் புறப்படுகிறது, உட்கார இடமே கிடைக்கலாம். இன்னொன்று, வண்டியை மறந்துவிட்டு இரண்டாம் தெருவில் நேராக நடங்கள். ஏறத்தாழ ஒரு மைல், இருபது இருபத்தைந்து நிமிடம், தெரு முடியும் இடத்தில் மான்ட்கோமரி பார்ட் நிலையம். பெரும்பாலான இரவுகளில் வரிசையில் நிற்பவர்களுக்கு முன்பே நடப்பவர்கள் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். ஹாரிசன் தெரு அருகே கொஞ்சம் ஏற்றம் உண்டு. தள்ளுவண்டியோ வயதானவர்களோ உடன் இருந்தால் எம்பார்கடெரோ கரையோரம் போங்கள், சற்றுச் சுற்று, ஆனால் சமதளம்.

ஃப்ரீமான்ட்காரர்கள் கவனிக்க வேண்டியது: நேராகப் போகும் பச்சைத் தட வண்டி இரவு வரை ஓடாது. டப்ளின் போகும் நீலத் தட வண்டியில் ஏறி, பே ஃபேரில் இறங்கி ஆரஞ்சுத் தடத்துக்கு மாற வேண்டும். இந்த மாற்றத்துக்கு இருபது நிமிடம் கூடுதலாக ஒதுக்குங்கள். பிள்ளைகளுக்கு இளையோர் கிளிப்பர் அட்டை எடுத்தால் பார்ட்டில் பாதிக் கட்டணம். முனியில் 18 வயது வரை முழுக்க இலவசம். பார்ட்டில் ஒரே அட்டையை இரண்டு பேருக்குத் தொட முடியாது, ஆளுக்கொன்று வேண்டும்.

கார்தான் என்றால்

கைக்குழந்தை, நடக்க முடியாத பெற்றோர், ரயில் போகாத ஊர் என்று நியாயமான காரணங்கள் உண்டு. அப்போது மைதானத்தை ஒட்டி நிறுத்த ஆசைப்படாதீர்கள். காசும் அங்கேதான் அதிகம், வெளியே வருவதும் அங்கேதான் தாமதம். ஏழாவது இன்னிங்ஸை ஒட்டியே மைதானத்து முன்னால் கிங் தெருவின் ஒரு பக்கத்தை அடைத்துவிடுவார்கள். மூன்றாம் தெருப் பாலமும் ஜனங்கள் நடப்பதற்காக மூடப்படும். அதற்குள் மாட்டிய கார் ஒரு பிளாக் நகர அரை மணி ஆகும்.

விவரம் தெரிந்தவர்கள் பதினைந்து இருபது நிமிட நடைத் தூரத்தில் நகராட்சியின் பொது கராஜ்களைத் தேடுகிறார்கள். மூன்றாம் தெருவில் மாஸ்கோன் சென்டர் கராஜ், அதற்கும் சற்று வடக்கே ஐந்தாம் தெரு - மிஷன் கராஜ். இவற்றில் மணிக்கணக்குக் கட்டணம். மைதானத்தை ஒட்டிய தனியார் இடங்களின் ஆட்டநாள் விலையோடு ஒப்பிட்டால் நல்ல மிச்சம். ஆட்டம் முடிந்து நீங்கள் நடந்து போய்ச் சேர்வதற்குள் நெரிசலின் முதல் அலையும் அடங்கியிருக்கும், நெடுஞ்சாலையும் அங்கிருந்து பக்கம். மூன்றாம் தெரு வடக்கு நோக்கிய ஒருவழி, நான்காம் தெரு தெற்கு நோக்கிய ஒருவழி. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் ஒரு சுற்று மிச்சம். கராஜ் இரவு எத்தனை மணிக்குக் கதவடைக்கும் என்று உள்ளே நுழையும்போதே பலகையில் பாருங்கள்.

செயலியில் முன்பதிவு செய்வது நல்லதுதான். கோளாறு வருவது நேரத்தில். மாலை 6 முதல் 10 வரை என்று பதிவு செய்துவிட்டு 5:40-க்குப் போனால் வாயில் திறக்காது. ஆட்டம் நீண்டு 10:20-க்கு வந்தால் கூடுதல் கட்டணம். ஆட்டநேரத்துக்கு ஒரு மணி முன்னும், எதிர்பார்க்கும் முடிவுக்கு ஒன்றரை மணி பின்னும் வைத்துப் பதிவு செய்யுங்கள், விலை பெரும்பாலும் கொஞ்சம்தான் கூடும். ஒருமுறை வெளியே போனால் மறுபடி நுழைய முடியாது என்பதும் பல இடங்களில் விதி.

தெருவோர மீட்டரை நம்ப வேண்டாம். நகரின் பல பகுதிகளில் மாலை 6 மணியோடு மீட்டர் முடிந்துவிடும். இங்கே இரவு 10 வரை ஓடும், ஆட்ட நாளில் தனி உயர் கட்டணமும் உண்டு. ஞாயிறுதானே என்றும் விட்டுவிடாதீர்கள், கம்பத்துப் பலகையை மேலிருந்து கீழ்வரை படியுங்கள். மாலை 3 முதல் 7 வரை வண்டியை இழுத்துச் செல்லும் தெருக்களில் நிறுத்திவிட்டால் மீட்க ஐந்நூறு டாலரைத் தாண்டும். அந்தப் பணத்தில் குடும்பமே ஓர் ஆண்டு ரயிலில் ஆட்டம் பார்க்கலாம். தெற்கே டாக்பேட்ச், பொட்ரெரோ குன்றுப் பக்கம் நிறுத்தி டி வண்டியில் வருபவர்களும் உண்டு. அங்கே பகலில் குடியிருப்போர் அனுமதி இல்லாத கார்களுக்கு நேர வரம்பு, சரிவில் இறக்கம் பார்த்து நிறுத்தும்போது முன்சக்கரத்தை நடைபாதைக் கல் பக்கமும், ஏற்றம் பார்த்து நிறுத்தும்போது தெருப் பக்கமும் திருப்பாவிட்டால் தனி அபராதம்.

இன்னொன்று கண்ணாடி. இந்த நகரத்து நடைபாதை ஓரங்களில் பச்சையும் நீலமுமாக உப்புக்கல் போலச் சிதறிக் கிடப்பது உடைந்த கார்க் கண்ணாடி. அது கிடக்கும் இடத்தில் நிறுத்தாதீர்கள். சீட்டில் ஒன்றும் வைக்காதீர்கள், சார்ஜர் வயர்கூட. பின்பெட்டியில் வைப்பதாக இருந்தால் வீட்டிலேயே வைத்துப் பூட்டுங்கள், நிறுத்திய இடத்தில் திறந்து வைப்பதை யாரோ பார்க்கிறார்கள். மைதானத்தில் பைகளுக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டு. அதைப் பாராமல் பெரிய பையோடு வந்து, வாயிலில் மறுத்ததும் காரில் கொண்டுபோய்ப் போடுகிறவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

படகும் சைக்கிளும்

மாரின் பக்கத்தவர்களுக்கு லார்க்ஸ்பரிலிருந்து கோல்டன் கேட் படகு நேராக மைதானத்துக்கே வருகிறது. ஓக்லாந்து, அலமீடாவிலிருந்து வேறு படகுச் சேவை. மலிவு என்று சொல்ல முடியாது, ஆனால் டோலும் பார்க்கிங்கும் சேர்த்துப் பார்த்தால் வலிக்காது. இடம் குறைவு, முன்னரே வாங்க வேண்டும், ஆட்டம் முடிந்த அரை மணிக்குள் கிளம்பிவிடும். திரும்பும் படகை விட்டால் பேருந்துதான். எந்தத் துறையில் ஏற வேண்டும் என்று சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நகரத்துக்குள் இருப்பவர்களுக்குச் சைக்கிள். மைதானத்தின் பின்புறக் கரையோர நடைபாதையில் ஆள் வைத்துக் காக்கும் சைக்கிள் நிறுத்தம் இருக்கிறது, இலவசம். வாடகைச் சைக்கிளில் வந்தால் பக்கத்து நிலையங்கள் நிரம்பி, விட இடம் தேடி அலைய நேரும்.

செயலியில் அழைக்கும் வாடகைக் காரில் வருவது போகும்போது சரி. திரும்பும்போது மைதான வாசலில் அழைத்தால் விலை ஏறியிருக்கும், காரும் உள்ளே வர முடியாது. இரண்டாம் தெருவில் பிரையன்ட் தாண்டும் வரை நடந்துவிட்டு அழையுங்கள்.

கிளம்புமுன் ஒன்றே ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: அன்றைக்குச் சேஸ் சென்டர் அரங்கில் வாரியர்ஸ் கூடைப்பந்து ஆட்டமோ கச்சேரியோ இருக்கிறதா என்று. அந்த அரங்கம் மூன்றாம் தெருப் பாலத்துக்குத் தெற்கே, அதே டி தடத்தில். இரண்டும் ஒரே மாலையில் வந்தால் கராஜ் விலை, மீட்டர், நான்காம் தெரு முனை எல்லாமே இருமடங்கு நெருக்கும். அந்த நாளில் காரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.