ஸ்லைடு பாக்க லைட் ஆல்பமா, லைட் பேடா, பழைய ப்ரொஜெக்டரா?

அப்பா எடுத்த ஸ்லைடு ஒரு 400 கிட்ட தகர டப்பாவுல கெடந்துச்சு. கம்ப்யூட்டர்ல போடற ஸ்லைடு இல்லங்க, 5 செ.மீ.க்கு 5 செ.மீ. அட்டை சட்டத்துக்குள்ள 24×36 மி.மீ. கலர் ஃபிலிம் உக்காந்திருக்குமே, அந்த ஸ்லைடு. எப்பவாவது டப்பாவத் திறந்தா ஒண்ண எடுத்து ஜன்னலுக்கு நேரா தூக்கி ஒத்தக் கண்ண மூடிப் பாத்துட்டு "ஆமா இது அத்தை கல்யாணம்"னு சொல்லிட்டு திரும்ப உள்ள போட்டுடுவோம், அவ்வளவுதான் பத்து வருஷமா நடந்துச்சு. இத ஒழுங்கா உக்காந்து பாக்க என்ன வழின்னு தேடப்போய் மூணு வருஷத்துல அஞ்சு விதமான சாமான் கைக்கு வந்துருச்சு, சிலது வீட்லயே இருக்கு, சிலது போயிருச்சு. யாராவது இதே நெலமைல இருந்தா உதவும்னு எழுதறேன்.

முதல்ல கைல பிடிச்சுப் பாக்கற வியூவர். ரெண்டு பேட்டரி போட்டு மேல ஸ்லைட சொருகி அமுக்கினா உள்ள சின்ன பல்ப் எரியும், முன்னாடி லென்ஸ். டப்பாவுல எது என்ன படம்னு பிரிக்கறதுக்கு இத மிஞ்ச ஒண்ணும் இல்ல, ஆனா பழைய பல்பு வெச்ச வியூவர்னா எல்லாமே சாயங்கால வெயில் மாதிரி மஞ்சளா தெரியும், ஒருத்தர் பாக்கும்போது அடுத்தவர் காத்துக்கிட்டு இருக்கணும், ஓரம் நைஞ்ச மவுண்ட், அதான் அந்த அட்டை சட்டம், உள்ள மாட்டிக்கும். எனக்கு ஒண்ணு மாட்டி சாமணம் போட்டு இழுக்க வேண்டியதாச்சு. பிரிக்கற வேலைக்கு மட்டும் வெச்சுக்கலாம்.

ப்ரொஜெக்டர பத்தி யாரும் கெட்டது சொல்ல மாட்டாங்க, நானும் சொல்ல மனசில்ல. இருட்டு ரூம், வெள்ளச் சுவரு, அந்த ஃபேன் சத்தம், ஒவ்வொரு ஸ்லைடுக்கும் 'கடக்'னு விழற சத்தம், இதுக்கு ஈடே இல்ல. கோடாக் காரோசல்ங்கற ப்ரொஜெக்டர் 1961ல வந்து 2004 வரைக்கும் தயாரிப்புல இருந்துச்சு, வட்டத் தட்டுல 80 ஸ்லைடு, பெரிய தட்டுன்னா 140. ஆனா அத தூக்கிட்டு இன்னொருத்தர் வீட்டுக்குப் போறது ஒரு நாள் வேலை, பல்பு போச்சுன்னா அதே மாடல் பல்ப தேடணும், அதவிட முக்கியமானது சூடு. சூட்டுல ஃபிலிம் நடுவுல லேசா வளைஞ்சு பொங்கும், கண்ணு முன்னாடியே ஃபோகஸ் போகும், திரும்ப அட்ஜஸ்ட் பண்ணணும். இன்னொண்ணு, இருட்டுல வெச்சா கோடாக்ரோம் அளவுக்கு கலர் தாங்கற ஃபிலிம் வேற இல்ல, ஆனா ப்ரொஜெக்டர் வெளிச்சத்துல ஓட்ட ஓட்ட அது மத்த ஃபிலிம விட சீக்கிரம் வெளிறும். உங்க டப்பாவுல கோடாக்ரோம்னு அச்சடிச்ச அட்டை இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை திருவிழா மாதிரி ஓட்டிக்கோங்க, தினம் வேண்டாம். அந்த ஃபிலிம் உற்பத்தி 2009லயே நின்னுருச்சு, கழுவற கடைசி லேபும் 2010 டிசம்பரோட ரோல் வாங்கறத நிறுத்திட்டாங்க, போனா போனதுதான்.

அடுத்தது லைட் பேட், லூப் (ஃபிலிம் மேல வெச்சுப் பாக்கற சின்ன பூதக்கண்ணாடி), ஸ்லைடு சொருகற ப்ளாஸ்டிக் பாக்கெட் ஷீட் மூணும் சேர்ந்த செட். லைட் பேட்னா படம் வரையறவங்க ட்ரேஸ் எடுக்க வெச்சிருப்பாங்களே மெலிசா ஏ4 சைஸ்ல வெள்ளையா எரியற பலகை, அதான். ஏ4ங்கறது 210×297 மி.மீ., ஸ்லைடு 5 செ.மீ., அதனால குறுக்க 4 நெடுக்க 5னு 20 ஸ்லைடு கச்சிதமா உக்காரும், பாக்கெட் ஷீட்டும் அதனாலதான் 20 பாக்கெட்டோட வருது. மேல 4 மடங்கு லூப் வெச்சா மொத்த படமும் ஒரே பார்வைல தெரியும், 8 மடங்குன்னா பெரும்பாலும் ஓரம் வெட்டுப்படும், ஆனா ஃபோகஸ் சரியா இருக்கான்னு செக் பண்ண அதுதான் நல்லது.

இங்கதான் நான் முதல்ல ஏமாந்தேன். மலிவான பேட் ஒண்ணு வாங்கினேன், பளிச்சுன்னு எரிஞ்சுது, ஆஹான்னு அக்கா சின்ன வயசுல ரெண்டு ஜடைல சிவப்பு ரிப்பன் கட்டி நிக்கற ஸ்லைட வெச்சேன், ரிப்பன் செங்கல் கலர்ல இருக்கு, முகம் காய்ச்சல் வந்த மாதிரி சாம்பலா இருக்கு. ஃபிலிம் போயிருச்சு போலன்னு நெனச்சு வருத்தப்பட்டு, அதே ஸ்லைட எடுத்து ஜன்னல்ல பிடிச்சா ரிப்பன் ரத்தச் சிவப்பு! கோளாறு ஃபிலிம்ல இல்ல, லைட்ல. வெள்ளையா தெரியற எல்ஈடி எல்லாம் ஒரே வெள்ளை கெடையாது, நீலம் தூக்கலா சிவப்பு கம்மியா இருக்கற லைட்டு பின்னாடி இருந்தா ஃபிலிம் பாவம் என்ன பண்ணும். ஸ்லைடு பாக்கற லைட்டோட நிறத்துக்கு தரநிலைல வெச்சிருக்கற அளவு 5000 கெல்வின், அச்சுத்தொழில்ல இருக்கறவங்களுக்கு இது தெரிஞ்ச நம்பர்தான், கூடவே சிஆர்ஐ, அதாவது அந்த லைட்டுல கலர் எவ்வளவு நெஜமா தெரியுதுங்கற மார்க், 90க்கு மேல, முடிஞ்சா 95. பெட்டி மேல இந்த ரெண்டு நம்பரும் போடலைன்னா அது வரையறதுக்கான பேட்னு வெச்சுக்கோங்க, ஸ்லைடுக்கு இல்ல.

கைல நம்பர் இல்லன்னா இன்னொரு டெஸ்ட் இருக்கு, செலவே இல்ல. காலி பேட ஆன் பண்ணி மொபைல் கேமராவுல எக்ஸ்போஷர நல்லா கொறச்சு ஒரு போட்டோ எடுங்க. இந்தப் பலகைல லைட்டு நடுவுல இல்ல, ஓரத்துல வரிசையா இருக்கு, அங்கேருந்து அக்ரிலிக் தட்டு வழியா பரவி மேல வருது, மட்டமான பேடா இருந்தா ஓரம் பளிச்சுன்னும் நடு மங்கலாவும் போட்டோல அப்படியே தெரியும். பேடோட வெளிச்சத்த கொறச்சு வெச்சு எடுக்கும்போது போட்டோல வரி வரியா கோடு விழுந்தா அது லைட்ட அணைச்சு அணைச்சு எரிய வெச்சுதான் மங்கலாக்குதுன்னு அர்த்தம், ரொம்ப நேரம் பாத்தா சிலருக்கு கண்ணு வலிக்கும்.

டேப்லெட் ஸ்க்ரீன்ல வெள்ளைப் பக்கம் போட்டு அது மேல ஸ்லைடு வெக்கலாமேன்னு கேப்பீங்க, நானும் பண்ணேன். வெறும் கண்ணால பாத்தா பரவால்ல, லூப் வெச்சா படத்துக்குப் பின்னாடி பிக்சல் கட்டம் கொசுவலை மாதிரி தெரியும். நடுவுல பால்வெள்ளை அக்ரிலிக் துண்டு வெச்சு ஃபிலிம ஸ்க்ரீன்லேர்ந்து கொஞ்சம் தூக்கினா கட்டம் மறையும், வெளிச்சமும் கொறையும். நைட் மோட ஆஃப் பண்ண மறந்துட்டு எல்லாமே மஞ்சளா இருக்கேன்னு அரை மணி நேரம் மண்டைய ஒடச்சுக்கிட்டது தனிக்கதை. அவசரத்துக்கு ஓகே.

ஸ்கேன் பண்ணி டிவில போடறது வேற ஜாதி, இதுல சேக்கல. அத எல்லாரும் பண்ணத்தான் போறோம், பண்ணவும் வேணும், ஆனா பின்னாடி வெளிச்சம் வந்து நிழலுக்குள்ள இருக்கற நிழல் வரைக்கும் தெரியற அந்த ஃபிலிம் ஆழம் சாதாரண ஸ்கேன்ல வர்றதில்ல.

இப்ப விஷயத்துக்கு வருவோம், லைட் ஆல்பம். கல்யாண ஆல்பம் மாதிரி திறக்கற கேஸ், உள்ள ஜன்னல் ஜன்னலா வெட்டின பக்கம், ஒவ்வொரு ஜன்னல்லயும் ஒரு ஸ்லைடு, பின்னாடிலேர்ந்து லைட்டு, பேட்டரில ஓடும், மடில வெச்சுப் பாக்கலாம், கைப்பிடி பிடிச்சு தூக்கிட்டுப் போகலாம். கேக்கவே எவ்வளவு நல்லாருக்கு! நெஜமாவே நல்ல விஷயம் ரெண்டு இருக்கு. ஒண்ணு, வரிசை. லைட் பேட்ல ஷீட்ட வெச்சு எடுத்து வெச்சு எடுத்து கடைசில எது முன்ன எது பின்னன்னு குழம்பிடும், ஆல்பத்துல அப்பா ஊருக்குப் போன அன்னைக்கு ஸ்டேஷன்லேர்ந்து ஆரம்பிச்சு திரும்பி வந்த வரைக்கும் அதே வரிசைல இருக்கும், ரெண்டு மூணு பேரு தலையோட தலை ஒட்டி ஒண்ணா பாக்கலாம், வெரல வெச்சு "இது யாரு"ன்னு காட்டலாம். ரெண்டாவது, பெருசா யாரும் பேசாத விஷயம், கருப்புப் பக்கம். ட்ரான்ஸ்பரன்ட் பாக்கெட் ஷீட்ட பேட் மேல வெச்சா மவுண்டுக்கு மவுண்டு இடையில இருக்கற சந்து வழியா வெள்ளை வெளிச்சம் நேரா கண்ணுல அடிக்கும், கண்ணு பாப்பா சுருங்கிடும், இருட்டான ஸ்லைடு எல்லாம் கரி மாதிரி தெரியும். கருப்பு அட்டைல ஜன்னல் மட்டும் வெட்டியிருந்தா வெளிச்சம் படம் வழியா மட்டும்தான் வரும். அதே ஸ்லைடு, அதே லைட்டு, சுத்தி இருக்கறத மறைச்ச உடனே சாயங்கால போட்டோல மரத்தடில ஒரு ஆள் உக்காந்திருக்கறது தெரிஞ்சுது, அது வரைக்கும் அங்க ஒருத்தர் இருந்தாருன்னே எங்களுக்குத் தெரியாது.

கெட்டது என்னன்னா, நான் வாங்கினதுல லைட்டுப் பலகை பின் அட்டையோட சேத்து ஒட்டியிருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க, கடைசிப் பக்கம் மட்டும்தான் லைட்டு மேல நேரா உக்காரும், அதுக்கு முந்தின பக்கத்தப் பாக்கணும்னா கடைசிப் பக்கமும் கீழ சேந்தே இருக்கு, ஃபிலிம் மேல ஃபிலிம், ஒண்ணுமே தெரியாது. ரிங்க திறந்து பக்கத்தக் கழட்டி, பாத்து, திரும்ப மாட்டி... அப்புறம் எதுக்குங்க அதுக்கு ஆல்பம்னு பேரு? இத டிசைன் பண்ணவரு ரெண்டாவது பக்கத்த திருப்பியே பாக்கல போல. ரெண்டு வருஷத்துல உள்ள இருந்த பேட்டரி வேற உப்பிருச்சு, பின்அட்டை வயித்த தள்ளிக்கிட்டு நிக்குது, பேட்டரிய மாத்தலாம்னா ஸ்க்ரூவே இல்ல, பசை போட்டு மூடியிருக்கான். நல்லவேளை ஸ்லைடு அதுல இல்ல அப்ப. உப்பின பேட்டரிய குத்தறதோ அமுக்கறதோ வேண்டாம், சார்ஜரையும் திரும்ப சொருகாம எலக்ட்ரானிக் கழிவு எடுக்கற இடத்துல குடுத்துருங்க.

பக்கம் எந்த ப்ளாஸ்டிக்னும் பாருங்க. பிரிச்ச உடனே புது ரெயின்கோட் வாசனை குப்புன்னு அடிச்சா அது பிவிசி, அதை வளையற மாதிரி ஆக்க போட்ட எண்ணெய்ப்பசை வருஷக்கணக்குல வெளிய கசிஞ்சு ஃபிலிம்ல ஒட்டும். பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன், பாலியெஸ்டர் இந்த மூணுல ஏதாவது ஒண்ணா இருந்தா பயமில்ல. கண்ணாடி வெச்ச மவுண்ட் தடிமனா இருக்கும், பெரும்பாலான ஆல்பம் ஜன்னல்ல நுழையாது. 6×6 செ.மீ. மாதிரி பெரிய ஃபிலிம் இருந்தா ஆல்பத்த மறந்துடுங்க, லைட் பேட்தான்.

சும்மா ஒரு தகவல், இந்த லைட் ஆல்பம் ஐடியா ஒண்ணும் புதுசில்ல. 1907ல லூமியேர் சகோதரர்கள் ஆட்டோக்ரோம்னு கலர் கண்ணாடித்தட்டு வித்தாங்க, உருளைக்கெழங்கு மாவுத் துகளுக்கு சாயம் போட்டு பரப்பி கலர் எடுக்கற முறை, வெளிச்சம் கொஞ்சூண்டுதான் உள்ள போகும், அதனால படம் ரொம்ப இருட்டா இருக்கும். அதைப் பாக்க டயாஸ்கோப்னு ஒரு மடக்குப் பெட்டி, புக்கு மாதிரி திறந்தா மேல படத் தட்டு, கீழ முகம் பாக்கற கண்ணாடி, ஜன்னல் பக்கத்துல வெச்சா வெளிச்சம் தட்டு வழியா எறங்கி கீழ கண்ணாடில படமா தெரியும், சுத்தி கருப்பு மறைப்பு. பேட்டரியும் இல்ல உப்பறதும் இல்ல. நூறு வருஷத்துக்கு முன்னாடியே லைட்ட பெட்டிக்கு வெளிய வெச்சிருக்காங்க!

அதப் பாத்துதான் எனக்கு புத்தி வந்துச்சு. ஸ்லைடு 50 வருஷம் தாங்கிருக்கு, இன்னும் தாங்கும், பேட்டரி அஞ்சு வருஷம் வந்தா பெருசு, இது ரெண்டையும் ஒண்ணா ஒட்டி விக்கறது நாம திரும்பத் திரும்ப வாங்கறதுக்குத்தான். இப்ப என்கிட்ட இருக்கறது சாதா ரிங் பைண்டர், கருப்பு அட்டைல நானே 20 ஜன்னல் வெட்டின பக்கம், ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி பாலிப்ரொப்பிலீன் பாக்கெட் ஷீட், தனியா ஒரு நல்ல 5000 கெல்வின் பேட். எந்தப் பக்கத்தப் பாக்கணுமோ அதுக்குப் பின்னாடி பேட சொருகிட்டு பவர் பேங்க்ல கனெக்ட் பண்ணா முடிஞ்சுது. 400 ஸ்லைடுக்கு 20 பக்கம், ரெண்டு பைண்டரா பிரிச்சுட்டேன், ஒண்ணுல போட்டா வளையம் மூடல. அழகா இல்லதான், ஒயர் தொங்கும், மடில வெச்சா கனக்கும். கடைல ரெடியா வாங்கறதா இருந்தா பேட் தனியா கழண்டு வர்ற மாதிரி, டைப்-சில ஓடற மாதிரி இருக்கற ஆல்பமா பாருங்க. ஒட்டினது யாராச்சும் சும்மா குடுத்தா கூட, ஒரே பக்கத்துல 20 நல்ல படம் போட்டு பாட்டி கைல குடுக்கறதுக்கு மட்டும் வெச்சுக்கலாம், அதுக்கு அது பிரமாதம், சுவிட்ச் ஒண்ணுதானே.

அடுக்கும்போது ஒண்ணு கவனிங்க, ஃபிலிமோட பளபளப்பான பக்கம் உங்களப் பாத்து இருக்கணும், மங்கலான பக்கம் லைட்டப் பாத்து, மாத்தி வெச்சா இடம் வலமாயிடும். நான் 20 பக்கமும் அடுக்கி பெருமையா அம்மா கைல குடுத்தேன், அஞ்சாவது பக்கத்துல நிறுத்தி ரொம்ப நேரம் பாத்தாங்க, அழப்போறாங்களோன்னு நெனச்சேன், "உங்கப்பா எப்படா வலது கைல வாட்ச் கட்டினாரு"ன்னாங்க. அந்தப் பக்கம் மொத்தமும் திருப்பி வெச்சிருக்கேன், 20 ஸ்லைடையும் எடுத்து மாத்தணும், இன்னும் மாத்தல.